தண்டவாளத்தின் மற்றப் பக்கம்

அவுஸ்திரேலியாவில் இருக்கிற மச்சாள் ஒரு படம் அனுப்பியிருந்தா. செம்மண் வெளி, நடுவில மண்ணாலும் மரத்தாலும் கட்டின சின்னக் கொட்டில். "இது பள்ளிவாசலாம், நம்புவியா?" எண்டு கீழே எழுதியிருந்தா.

அந்த ஊரின் பெயர் மரீ. அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர். இப்ப நூறு பேரளவில்தான் இருக்கினம். பேர்ட்ஸ்வில் பாதையில் பயணம் போறவர்கள் இங்கே இறங்கி, பழைய ஹோட்டலையும் துருப்பிடித்த ரயில் என்ஜின்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அரபானா, டியெரி மக்கள் இந்தப் பாலைவனத்தின் நீரூற்றுகளைக் காலங்காலமாக அறிந்திருந்தார்கள். 1859இல் வந்த வெள்ளையர்கள் அவற்றில் ஒன்றுக்கு 'ஹெர்கொட்' எண்டு பெயர் வைத்தார்கள். ஊரும் முதலில் அந்தப் பெயரில்தான் இருந்தது. முதலாம் உலகப்போரில் ஜெர்மன் பெயர்கள் ஆகாமல் போகவே 1918இல் மரீ ஆனது.

ரயில் 1884இல் வந்தது. அதற்கு அப்பால் மாவும் தேயிலையும் கம்பியும் கொண்டுபோக ஒட்டகம் வேணும். பலுசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் எண்டு பல இடங்களில் இருந்து ஒட்டகக்காரர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பெயர்: 'ஆப்கான்'. தண்டவாளத்தின் ஒரு பக்கம் வெள்ளையர், மற்றப் பக்கம் இவர்களும் பழங்குடி மக்களும். மயானத்தில்கூட அதே பிரிவுதான்.

அவர்களில் ஒருவர் பெஜா தர்வீஷ். 1896இல் கல்வேர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களை நடத்திச் சென்றவர். அந்தப் பயணத்தில் இருவர் பாலைவனத்தில் இறந்துபோனார்கள். பெஜா திரும்பி வந்து, மரீயில் பேரீச்சை நட்டு, 1957இல் இறந்தார்.

ஆனால் சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது? 1901இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1903இல் வந்த இன்னொரு சட்டப்படி ஆசியாவில் பிறந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. லொறிகள் வந்தபிறகு ஒட்டகமும் வேண்டாத சாமானாகிவிட்டது. 1925இல் தென் அவுஸ்திரேலியா ஒட்டக அழிப்புச் சட்டத்தையே கொண்டுவந்தது. கூட வாழ்ந்த மிருகத்தைச் சுட மனம் வராமல் பலர் அவிழ்த்து விட்டார்கள்.

இப்ப 'தி கான்' எண்டு ஒரு ஆடம்பர ரயில் அடிலெய்டில் இருந்து டார்வினுக்கு ஓடுது. பெயர் 'ஆப்கான்' என்பதன் சுருக்கம் எண்டு சொல்லுவினம். சின்னம் ஒட்டகமும் அதில் ஒரு ஆளும். பாதையை 1980இல் மேற்கே மாற்றிவிட்டார்கள், மரீ பக்கம் அது வாறதில்லை.

மச்சாள் அனுப்பின படத்தில் இருப்பதும் பழைய பள்ளிவாசல் இல்லை. அது அழிந்துபோக, அதைப்போல பிறகு கட்டி வைத்தது. தொழுதவர்கள் இருந்த காலத்தில் அவர்கள் 'அந்தப் பக்கத்து ஆக்கள்'. 'முன்னோடிகள்' எண்ட பட்டம் வந்தபோது அதைக் கேட்க அவர்கள் இல்லை. மரபுரிமை எண்டு எங்கேயாவது பலகை கண்டால், எந்த வருசம் நட்டது எண்டும் பாருங்கோ.