விழுப்புண் பிறந்த கதை

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பாசஞ்சர் ரயில், சாலியமங்கலம், அம்மாப்பேட்டை தாண்டினால் கோயில்வெண்ணி. இறங்குகிறவர்களில் சிலர் கையில் ரவையும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் இருக்கும். வெண்ணிக் கரும்பேஸ்வரர் கோயிலில் அதைத் தூவிவிட்டு, எறும்பு வந்து தின்கிறதா என்று பார்ப்பார்கள். எறும்பு தின்றால் நம் உடம்புச் சர்க்கரை இறங்கும் என்பது நம்பிக்கை. காலில் ஆறாத புண்ணோடு மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிற பெரியவர்களும் உண்டு. இதே ஊரில், ஏறத்தாழ 2,000 வருஷத்துக்கு முன்னால், வேறொரு புண்ணைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்தது.

சங்கப் பாட்டுகளில் இந்த ஊர் வெண்ணி. சோழன் கரிகாலனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் மோதிய களம். கரிகாலன் ஜெயித்தான். அது பள்ளிக்கூடத்துப் பாடம். பாடத்தில் அரை வரியில் முடிந்துபோகிற சங்கதி, சேரன் உடம்பில் பட்ட காயம்தான். தனக்குச் சமமான ஒரு வேந்தன் முன்பக்கம் குறிபார்த்து எறிந்ததால் வந்தது அது என்கிறார் கழாத்தலையார். ஆனால் முதுகிலும் புண். வேல் மார்பைத் துளைத்துக்கொண்டு முதுகு வழியாக வெளியே வந்திருக்கிறது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள்.

ஒரே வேல், ஒரே காயம், இரண்டு வாய். மார்பில் பட்டால் அது விழுப்புண், புகழ். முதுகில் பட்டால் புறப்புண், வெட்கக்கேடு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? நம்மைக் கேட்டால் யோசிக்கவே மாட்டோம். வேல் நுழைந்த இடம் எதுவோ அதுதான் கணக்கு என்போம். இன்றைய ராணுவ மருத்துவக் குழு ஒன்று உட்கார்ந்தாலும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கும். சேரன் வேறு மாதிரி நினைத்தான். முதுகில் தழும்பு என்றால் முதுகில் தழும்புதான். கையில் வாளோடு வடக்குப் பார்த்து உட்கார்ந்து, சோறு தண்ணீர் விட்டு உயிரை விட்டான்.

விழுப்புண் என்ற சொல்லில் வருகிற ‘விழு’வுக்கும் கீழே விழுவதற்கும் சம்பந்தம் இல்லை. விழுப்பொருள், விழுமியம் என்கிறோமே, அந்த விழு. சிறந்தது, மேலானது என்று அர்த்தம். புண்ணில் மேலான புண் ஒன்று இருந்தால் கீழான புண்ணும் ஒன்று இருந்தாக வேண்டும். சொல் பிறந்த அன்றே தரம்பிரிப்பும் கூடவே பிறந்துவிட்டது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் வருகிற வீரன் தன் ஆயுசை எண்ணிப்பார்த்து, விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணான நாள் என்று தள்ளிவிடுகிறான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் ஒரு கிழவி வருகிறாள். உன் மகன் முதுகு காட்டிச் செத்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது நிஜமானால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். மகன் வெட்டுண்டு கிடந்த விதத்தைப் பார்த்ததும், அவனைப் பெற்ற அன்றைக்கு வந்ததைவிடப் பெரிய சந்தோஷம் வருகிறது. எனக்கு அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும், தரச்சான்றைப் பிறர் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளாமல் தானே களத்தில் இறங்கிச் சோதித்துப் பார்த்தாளே, அதைச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு கடுமையான விதி இருந்தால் அதற்கு ஒரு கொல்லைவாசல் இல்லாமல் போகுமா? இருந்தது, அதுவும் சடங்காகவே.

போரில் செத்தவனுக்கு வீரசொர்க்கம் உண்டு. சரி, காய்ச்சலில் செத்த ராஜா? படுக்கையில் மூச்சு நின்ற ராஜா? புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார்: அப்படிப்பட்ட அரசர்களைத் தர்ப்பைப் புல்லின் மேல் கிடத்தி, வேதம் ஓதுகிறவர்கள் வாளால் கீறி, வீரர்கள் போன இடத்துக்கு நீயும் போ என்று அனுப்பிவைப்பார்களாம். செத்த உடம்புக்குச் செயற்கையாக ஒரு விழுப்புண். ஔவையார் இதைச் சொல்கிற தொனி கவனிக்க வேண்டியது. அதியமானிடம், உன் கையால் செத்ததால் உன் பகைவர்கள் அந்தச் சடங்கிலிருந்து தப்பித்தார்கள் என்கிறார். கிண்டல் யார் பக்கம் என்பது வெளிச்சம்.

காவிரிப்பூம்பட்டினத்திலும் இந்த வழக்கம் தெரிந்துதான் இருந்தது. மணிமேகலையில் சோழ இளவரசன் உதயகுமாரன் ஒரு பெண்ணைத் துரத்திப் போய் வெட்டுப்பட்டுச் சாகிறான். அழுகிற அரசிக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள் முதியவள் வாசந்தவை. இந்தக் குடியில் மூப்பால் சாவதே நாணத் தக்கது, அப்படிச் செத்தவர்களைக்கூடத் தர்ப்பையில் கிடத்தி வாளால் பிளந்துதான் அனுப்புவார்கள் என்று ஆரம்பிக்கிறாள். பிறகு, உன் மகன் தன் நாட்டைக் காக்கவும் சாகவில்லை, பிறர் நாட்டைப் பிடிக்கவும் சாகவில்லை, அவன் செத்ததை நான் எப்படிச் சொல்ல என்று முடித்துவிடுகிறாள். ஆறுதலா அது! வாளால் வெட்டுப்பட்ட நிஜப்புண் இளவரசன் மேல் இருக்கிறது. ஆனாலும் கணக்கில் சேராது. எங்கே பட்டது என்பதோடு எதற்காகப் பட்டது என்ற கேள்வியும் காவிரிப்பூம்பட்டினத்திலேயே சேர்ந்துவிட்டது.

இன்னும் ஒரு படி இறங்குவோம். குடவாசல், அன்றைய குடவாயில், கோயில்வெண்ணியிலிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே சோழன் செங்கணான் சிறையில் சேரமான் கணைக்கால் இரும்பொறை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், உடனே தரவில்லை. பிறகு வந்த தண்ணீரைக் குடிக்காமல் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு இறந்தான் என்கிறது பாட்டின் கீழுள்ள குறிப்பு. அந்தப் பாட்டில் ஒரு செய்தி: எங்கள் குலத்தில் குழந்தை செத்துப் பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் வாளால் வெட்டியே புதைப்போம். அப்படிப்பட்ட குலத்தில் பிறந்தவன் இப்படிச் சங்கிலியில் கட்டுண்டு கெஞ்சுகிறேனே என்று குமைகிறான். களத்தையே பார்க்காத, மூச்சே விடாத சிசுவுக்கும் விழுப்புண்! பதக்கத்தின் மதிப்பு இந்தக் காலத்தில்தான் குறைந்துவிட்டது என்று அங்கலாய்க்கிறவர்கள் குடவாயில் வரை ஒரு நடை போய்வரலாம்.

ஆனால் ஒன்று. அந்தச் சடங்கை ஏமாற்று என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு சொர்க்கம் வேண்டியிருக்கிறது. விதி கடுமையாக இருக்கிறது. விதியை மாற்ற யாருக்கும் தைரியம் இல்லாதபோது வாளைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் புறநானூற்றுப் பாட்டுகளெல்லாம் ஓலையில் கிடந்து மறந்துபோனவை. அவற்றைத் தேடிப் பிடித்தவரும் நம் காவிரிக்கரைக்காரர்தான். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே 1894-இல் புறநானூற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். வெண்ணியில் நடந்த வழக்கு தீர்ப்போடு நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

பிற்காலச் சோழர்கள் இதில் எண்ணிக்கையைக் கொண்டுவந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சாவூரைப் பிடித்த விஜயாலயன் உடம்பில் 96 தழும்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பாடியவர் ஒட்டக்கூத்தர், 12-ஆம் நூற்றாண்டுக்காரர். இடையில் கிட்டத்தட்ட 300 வருஷம். எண்ணியது யார்? ‘புண்’ணில் அடியைத் தொடங்கினால் எதுகைக்குத் ‘தொண்ணூறு’ வாகாக வந்து உட்காரும் என்பது யாப்பு தெரிந்தவர்களுக்குப் புரியும். கல்கி தன் பங்குக்கு, தன் நாவலில் வரும் பெரிய பழுவேட்டரையருக்கு 64 கொடுத்தார். ராஜாவைவிடக் குறைவாகக் கொடுத்தாரே, அந்த மரியாதை கல்கிக்கே உரியது.

எண்ணிக்கைப் பித்து நமக்கு மட்டும் வந்ததில்லை. 1916-இல் பிரிட்டிஷ் ராணுவம் காயம்பட்டவன் சட்டைக் கையில் காயத்துக்கு ஒன்றாகத் தங்க நிறப் பட்டி தைத்தது. 1918-இல் ஜெர்மனி ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்கம் என்று வில்லை போட்டது. அமெரிக்காவின் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கத்துக்கு மூலமாக 1782-இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய துணி இதயம் காயத்துக்காக வந்ததே இல்லை, நற்சேவைக்கானது. 1932-இல் தளபதி மெக்ஆர்தர் அதற்கு உயிர்கொடுத்தபோதுதான் காயம் உள்ளே வந்தது. முதல் எண் பொறித்த பதக்கத்தை மெக்ஆர்தரே வாங்கிக்கொண்டார். தரம் தளர்ந்தது எப்போது என்று தேடுகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்த நாட்டில் சண்டை இப்போது தெரியாத புண்ணைப் பற்றி. 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசத் தளத்தில் ஈரானிய ஏவுகணைகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பிறகு மூளை அதிர்ச்சி என்று கணக்கு ஏறி ஏறி 100-ஐத் தாண்டியது. வெறும் தலைவலி என்றார் அன்றைய அதிபர் டிரம்ப். முதலில் 29 பேருக்குப் பதக்கம். மேலும் 39 பேருக்குக் கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. சண்டை முடிந்து வருஷக்கணக்காகத் தூக்கத்தில் அலறுகிறவனுக்கு இந்தப் பதக்கம் கிடையாது என்று 2009-இலேயே முடிவு செய்துவிட்டார்கள். மண்டைக்குள் சிந்துகிற ரத்தத்தைக் கணக்கில் எடுப்பதைத் தரக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். வேல் இன்று கண்ணுக்குத் தெரியாத வழியில் பாய்கிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் காயத்துக்கான பதக்கம் ‘பராக்கிரம் பதக்’. எதிரியின் நேரடி நடவடிக்கையால் பட்ட காயமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சியாச்சின் பனியில் விரல் போனவன் வேறு கணக்கு. நம் ஊரில் பதக்கத்தைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் ஊனமுற்றோர் பென்ஷனில். 2023 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அதற்குப் புது விதிகள் கொண்டுவந்ததும் முன்னாள் ராணுவத்தினர் கொதித்தார்கள். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் எதற்குப் பென்ஷன் என்று ஒரு தரப்பு. பணியின் அழுத்தத்தில் வந்த நோய் பணியால் வந்ததுதானே என்று மறுதரப்பு. அமைதியான இடத்தில் பணியாற்றும்போது வந்த நோய் என்ற ஒரே காரணத்துக்காகச் சர்க்கரை வியாதிக்காரரின் பென்ஷனை மறுக்க முடியாது என்று 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்று ஒன்று வரும்: ரத்தம் சிந்திச் செத்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலம். புகழ் ஒரு கணக்கு, சோற்றுக்கு வழி இன்னொரு கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

வெண்ணியின் தீர்ப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தீர்ப்புச் சொன்னவர் வெண்ணிக்குயத்தியார். பெயரைப் பார்த்தால் இந்த ஊர்க்காரர், மண் பிசைந்து பானை வனையும் குலத்துப் பெண். ஜெயித்த கரிகாலன் அவருடைய சொந்த நாட்டு ராஜா. அவனைப் பார்த்து, நீ ஜெயித்தாய், சரி. ஆனால் முதுகுப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்டார். சேரன் தனக்குத் தரமறுத்த பதக்கத்தை, அவனைத் தோற்கடித்த நாட்டின் குயவர் வீட்டுப் பெண் எடுத்து அவன் மேல் குத்திவிட்டார். கரிகாலன் என்ன பதில் சொன்னான் என்று பாட்டில் இல்லை.