புதியதும் பழையதும் தரும் கருவூலம்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி வளர்க்கும் எவருக்கும் போர்டோ கலவையைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்து முடித்தபின் தீட்டிய கத்தியொன்றை நனைத்துப் பார்த்து, அதன்மேல் செம்பு படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். அடிச்சாம்பல் நோயிலிருந்து கொடியைக் காக்கும் இந்த நீலநிறக் கரைசல் நம் உழவரின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் இது எங்கிருந்து, எவ்வழியாக வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெயரே ஊரைச் சொல்கிறது. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதிக்கு, அமெரிக்காவிலிருந்து 1870-களில் வந்து சேர்ந்த அடிச்சாம்பல் நோய் பெருங்கேடு விளைவித்தது. அங்கே தாவரவியல் பேராசிரியராய் இருந்த மில்லார்தே ஒன்றைக் கவனித்தார். வழிப்போக்கர் பழங்களைத் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளின்மேல் தோட்டக்காரர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர். அந்தக் கொடிகள் மட்டும் நோயின்றி நின்றன. வேதியியலறிஞர் கேயோனின் துணையுடன் அவர் அதை ஆராய்ந்து, 1885-இல் தம் முடிவுகளை ஆய்விதழில் வெளியிட்டார். அந்தப் பக்கங்கள் அச்சாகி, நூலகங்களில் சேர்க்கப்பட்டு, பிற நாட்டு ஆய்வாளரால் படிக்கப்பட்டு, வேளாண் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்டதனாலேயே ஒரு நாட்டுத் தோட்டக்காரரின் தந்திரம் உலகத்தின் பொதுச்சொத்தாயிற்று. தோட்டத்திற்கும் தோட்டத்திற்கும் நடுவே ஒரு நூலகம் நின்றது. அத்தகைய நூலகம் நம் நாட்டில் எவ்வாறு கட்டி எழுப்பப்பட்டது என்பதையே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

வேதியியல் நூலகத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே பழையது சாவதில்லை. ஒரு சேர்மம் எந்த வெப்பநிலையில் உருகும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பிழையின்றி அளந்து வைத்திருந்தால், அது இன்றைக்கும் உண்மையே. அதை அறியாத ஆய்வாளர் செய்ததையே திரும்பச் செய்து பொருளையும் காலத்தையும் இழப்பார். ஆகவே பாடநூல்களை வாங்கி அடுக்கினால் மாத்திரம் வேதியியல் நூலகம் அமைந்துவிடாது. மூன்று அடுக்குகள் அதற்கு வேண்டும். முதலாவது, ஆய்வு முடிவுகள் முதன்முதல் வெளியாகும் இதழ்கள், இடையறாத தொகுதிகளாக. இரண்டாவது, எந்த இதழில் எது உள்ளது என்று காட்டும் சுருக்கக் கோவைகள். மூன்றாவது, அறியப்பட்ட சேர்மங்களை முறைப்படுத்திக் கூறும் கையேடுகள்.

ஜெர்மானியரான லீபிக் 1832-இல் தம் ஆய்விதழைத் தொடங்கினார். பன்னீர்த் திராட்சையைப் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்ததாக நம் பகுதியில் வழங்கும் செய்தியும் அதே ஆண்டையே குறிப்பிடுகிறது. ரஷ்யாவில் வாழ்ந்த பெய்ல்ஸ்டைன், கரிமச் சேர்மங்களைத் தொகுத்து 1881-இலும் 1883-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட கையேடு, பின்னாளில் நூற்றுக்கணக்கான தொகுதிகளாகப் பெருகிற்று. அமெரிக்க வேதியியல் கழகம் 1907-இல் தொடங்கிய சுருக்கக் கோவை, உலகெங்கும் வெளியாகும் ஆய்வுகளுக்கெல்லாம் திறவுகோலாய் அமைந்தது. ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு செய்ய விரும்பினால் இவையனைத்தையும் பெற்றாக வேண்டும். பெற்றபின் ஆண்டுதோறும் தொடர்ந்தாக வேண்டும். நடுவே ஓர் ஆண்டு விடுபட்டாலும் அது சங்கிலியில் அறுந்த கண்ணியாகும்.

தமிழருக்கு வேதியியல் நூலைத் தர முயன்றோரில் மருத்துவர் சாமுவேல் கிறீன் முதன்மையானவர். அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த அவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் அவரது முயற்சியால் 1875-இல் வெளிவந்தது. தாய்மொழியில் விளங்காத அறிவு மக்களிடம் வேரூன்றாது என்பது அவரது உறுதி. ஆயினும் ஒரு நூல் விதையே. அது முளைத்து வளர்வதற்கு நிலமும் நீரும் வேண்டும். அந்த நிலமே நூலகம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. எனினும் நெடுங்காலம் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. அதன் நூலகத்திற்கு உயிரூட்டியவர் சீர்காழியில் பிறந்த சி. இரா. அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924-இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். மாணவர் குரலின்றி அமைதி சூழ்ந்திருந்த அவ்விடம் அவருக்குத் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று கண்டபின்னரே, இது வெறும் காவற்பணி அன்று, ஓர் அழைத்தல் என்பதை உணர்ந்தார்.

1931-இல் அவர் வகுத்துரைத்த ஐந்து விதிகளின் சாரம் எளிமையானது. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும்; நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகமோ உயிருள்ளதைப்போல வளர்ந்துகொண்டே இருப்பது. அடைத்துக் கிடந்த அலமாரிகளை வாசகர் தாமே அணுகிப் பார்க்கும்படி அவர் திறந்துவிட்டார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் வேதியியலுக்கு 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து அமைந்தது. அதன்கீழ் எந்தப் பொருள், அப்பொருளைக் குறித்து எத்தகைய ஆய்வு என்று படிப்படியாகப் பிரித்துக் குறிக்கலாம். நாளை கண்டறியப்படும் சேர்மத்திற்கும் இன்றே இடம் ஒதுக்கிவைத்த முறை அது. இன்னும் பிறவாத வாசகரையும் எண்ணிக் கட்டுவதே உண்மையான நூலகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமோ?

1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது. பல்கலைக்கழக அலமாரியும் சிற்றூர் மாட்டுவண்டியும் அன்று ஒரே கொள்கையால் இயங்கின.

இந்த வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றிப் பின்னர் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1925-இல் தொடங்கிய சென்னை இலயோலாக் கல்லூரி ஆகிய இயேசு சபையினரின் கல்விக்கூடங்கள் அறிவியலையும் நூலகத்தையும் இணைத்தே வளர்த்தன. இலயோலாவில் வேதியியல் ஆய்வை வளர்த்த தந்தை லூர்து எத்தனப்பள்ளி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வேதியியலறிஞர் ஹ்யூ டெய்லருடன் இணைந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 1938-இல் பெல்ஜிய நாட்டு இதழில் வெளியாயிற்று. இந்தியக் குரு, அமெரிக்க ஆய்வுக்கூடம், பெல்ஜிய இதழ்! அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் விலைக்கோடு உண்டு. அயல்நாட்டு இதழ்களின் விலை எந்நாளும் ஏழை நாட்டுக் கல்விக்கூடங்களை அழுத்தியே வந்துள்ளது. எல்லா நூலகங்களும் எல்லாவற்றையும் வாங்க இயலாத நிலையில், தேவைப்படும் கட்டுரையைப் படியெடுத்து அனுப்பும் பணிக்காக 1952-இல் தில்லியில் தேசிய அறிவியல் ஆவண மையம் தொடங்கப்பட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் உருவானபோது, கம்பத்திலிருந்து சென்னைவரை செல்ல இயலாத இளைஞருக்கும் ஆய்வின் வாயில் அருகில் வந்தது. அதன் நூலகம், முதல் துணைவேந்தரான தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மொழியறிஞர் ஒருவரின் பெயர் தாங்கிய கூரையின்கீழ் வேதியியலும் வாழ்வது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இன்று காலம் மாறிவிட்டது. அமெரிக்கச் சுருக்கக் கோவை 2010 முதல் அச்சில் வருவதில்லை. இதழ்கள் கணினித் திரைக்கு வந்துவிட்டன. நடுவண் அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். பயன்பெறுவன ஏறத்தாழ 6,300 அரசு நிறுவனங்கள். இது வரவேற்கத்தக்க பெருமுயற்சி. ஆயினும் இரண்டு கேள்விகள் நம் நெஞ்சில் எழுகின்றன.

முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்டது. அவ்வட்டத்திற்கு வெளியே உள்ள சிறிய கல்லூரியில் பயிலும் நம் பள்ளத்தாக்கு உழவரின் மகள், தந்தையின் தோட்டத்து மண்ணில் செம்பு எவ்வளவு சேர்ந்துள்ளது என்று ஆராய விரும்பினால் அவளுக்கு வாயில் எது? ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்படும் போர்டோ கலவையின் செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பது அறிவியல் கண்ட உண்மை. அக்கேள்வி அவளுடைய கேள்வி. விடை தேடும் உரிமையும் அவளுடையதே. இரண்டாவது, வாங்கிய அச்சுத்தொகுதி அலமாரியில் நிலைத்திருக்கும். சந்தா நின்றால் திரையிலுள்ள வாயிலோ பெரும்பாலும் அடைபட்டுவிடும். அப்படியிருக்க, இடமில்லை என்று கூறிப் பழைய தொகுதிகளை எடைக்குப் போடுவது அறிவுடைமை ஆகுமா?

மண்ணுலகின் பொருள்கள் அனைவருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1991-இல் வெளியிட்ட 'நூறாவது ஆண்டு' என்னும் சுற்றுமடலில், இக்காலத்தில் நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் ஓர் உடைமையாகிவிட்டன என்று சுட்டிக்காட்டினார். அறிவு உடைமையானால், அதைப் பெறாதவர் புதுவகை ஏழையர் ஆகின்றனர். அவ்வாறாயின் நூலகத்தைக் கட்டுவது கல்விப்பணி மட்டுமன்று, நீதியின் பணியுமாகும்.

விண்ணரசைப் பற்றிக் கற்றுத் தேர்ந்தவரை, தம் கருவூலத்திலிருந்து புதியனவும் பழையனவும் எடுத்து வழங்கும் வீட்டுத்தலைவருக்கு ஆண்டவர் ஒப்பிட்டார். அவர் சேர்த்து வைத்ததற்காகப் போற்றப்படவில்லை. எடுத்து வழங்கியதற்காகவே போற்றப்பட்டார். நம் கல்லூரிகள் தங்கள் பழைய தொகுதிகளின் பட்டியலை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் நூல்களைக் கறையானுக்கு விடாமல் மாணவருக்கு அளிக்கட்டும். நூல் வாங்குவதற்கென ஓர் அறநிலை நிதி ஏற்படுத்துவது, கோவிலுக்கு மணி வாங்கித் தருவதற்குச் சற்றும் குறைந்த புண்ணியம் அன்று என்று நம் இறைமக்கள் உணரட்டும். போர்டோவின் சாலையோரத்தில் ஒருவர் கண்டதை நம் உழவர் பெற்றுக்கொண்டனர். நம் பள்ளத்தாக்கில் ஒரு மாணவி காண்பதை உலகம் பெற்றுக்கொள்ளும் நாளும் வரவேண்டும். அதற்கு முதலில் அவளுக்கு நூலகத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்.