எண் பொறித்த இரும்பு

1964இல் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அத்தகைய கார்களுக்கு வைத்திருந்த உச்சவரம்போ 330 கன அங்குலம். தனி மாடலாக அன்றிக் கூடுதல் வசதித் தொகுப்பாக விற்று விதியை ஏய்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் டெட்ராய்ட் முழுவதும் இதே போட்டிதான். 1970ஆம் ஆண்டு செவெல் காரின் 454 எல்.எஸ்.6 எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். அழுத்த விகிதம் 11.25. மறு ஆண்டே, ஈயமற்ற பெட்ரோலை முன்னிட்டு, அழுத்த விகிதங்கள் குறைந்தன. 1973இன் எண்ணெய்த் தடை மிச்சத்தையும் முடித்து வைத்தது.

இதுவரை பலரும் எழுதியதுதான். நம்மை ஈர்ப்பது இந்த எஞ்சின்களின் பிற்கால வாழ்வு.

பழைய விலைக்குக் கைமாறிய அக்கார்களை வாங்கியவர்கள் இரக்கமின்றி ஓட்டினார்கள். எஞ்சின் உடைந்தால் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து பொருந்துகிற இன்னொன்றை எடுத்து மாட்டினார்கள். அதை இழப்பென்று எவரும் கருதவில்லை. சேகரிப்பாளர்கள் வந்த பிறகே கேள்வி எழுந்தது: இந்தக் கார் பிறந்தபோது இதனுள் இருந்த எஞ்சின்தானா இது?

விடை ஒரு பொறிப்பில் இருக்கிறது. செவ்ரலே வி8 எஞ்சினின் வலப்புற முன்பகுதியில், சிலிண்டர் ஹெட்டுக்கு வெளியே, சிறு திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தொழிற்சாலைக் குறியீடும் தேதியும் அதில்தான் அடிக்கப்பட்டன. அறுபதுகளின் பிற்பகுதியில் காரின் தொடர் எண்ணும் ஓரளவு இடம்பெற்றது.

புதுப்பித்தல் என்பது பெரும்பாலும் இரும்பைக் குறைக்கும் வேலை. தேய்ந்த சிலிண்டரை 0.030 அங்குலம் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள்; சில தடவைக்கு மேல் சுவர் தாங்காது, ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்த ஈயம், 1996 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களின் பெட்ரோலில் அறவே இல்லை. ஆகவே கெட்டிப்படுத்திய சீட்டுகளைப் புதிதாகப் பதிக்கிறார்கள். எண்ணெயில் துத்தநாகத்தைக் குறைத்துவிட்டதால் புதிய கேம்ஷாஃப்ட் முதல் அரைமணி நேரத்திலேயே பாழாவதும் உண்டு.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. உண்மையான சங்கடம் பிளாக்கின் மேல்முகத்தில்தான். பல்லாண்டு வெப்பத்தில் கோணிய அம்முகத்தை மட்டமாகச் சீவினால்தான் கேஸ்கெட் ஒழுங்காக உட்காரும். எண் பொறித்த திட்டும் அதே மட்டத்தில் இருப்பதால், சீவுகிற கருவி எண்ணையும் சேர்த்தே எடுத்துவிடும். திருப்பணியில் கல்வெட்டு போன கதை. எழுபதுகளின் பட்டறைக்காரரை நாம் குறை சொல்லவும் முடியாது. கார் ஓட வேண்டும் என்பதே அவரிடம் கேட்கப்பட்டது.

போன எண்ணை மீண்டும் அடித்து ஏமாற்றுவோரும் தோன்றினர். எனவே 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தின் நடுவர்கள் இலக்கங்களோடு நிற்பதில்லை. தொழிற்சாலையின் வெட்டுக்கருவி அத்திட்டில் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகளையும் தேடுகிறார்கள். இலக்கத்தைப் போலி செய்வது எளிது, கீறலைப் போலி செய்வது கடினம்.

விவரமறிந்த பட்டறைக்காரர்கள் இன்று ஹெட் அமரும் எல்லை வரை சீவி, திட்டுக்கு முன்னே கருவியை நிறுத்திவிடுகிறார்கள். நகத்தால் தடவினால் அங்கே ஒரு சிறு படி தட்டுப்படும்.