அடகு வைத்த ஆண்டும் தங்கம் வாங்கிய ஆண்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரிப் பக்கம் நடவுக்குக் கையில் காசில்லை என்றால் வீட்டு நகை அடகுக்குப் போகும். அறுப்பு முடிந்ததும் திருப்பிவிடுவார்கள். திருப்ப வழியிருக்கும்வரை அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. 1991, 2008 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியா பட்ட பாட்டையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

1991இல் விழுந்த அடி, உலக அளவில் சிறியது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது. குவைத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. ஜூன் மாதத்தில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே காணும். மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்கும், ஜூலையில் சுமார் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளின் பொறுப்புக்கும் போயின. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது விழுந்தது பேரிடி. 21,000 புள்ளிகளைத் தொட்டிருந்த சென்செக்ஸ் பாதிக்கும் கீழே சரிந்தது. டாலருக்கு 40 ரூபாய் என்றிருந்தது 50ஐத் தாண்டியது. ஆர்டர் குறைந்து திருப்பூர் திணறியது. ஆனால் ஒரு கிராம் தங்கம்கூட அடகுக்குப் போகவில்லை. 2009 நவம்பரில் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 670 கோடி டாலருக்கு 200 டன் தங்கத்தை இந்தியா விலைக்கே வாங்கியது.

வேறுபாடு கடனின் தன்மையில் இருக்கிறது. 1991இல் விரைவில் அடைக்க வேண்டிய கைமாற்றுக் கடன், கையிருப்பைவிட அதிகம். 2008 மார்ச்சில் 30,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு. கைமாற்று அதில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். வீட்டுமனைக் கடன் பெருகிய காலத்திலேயே ரிசர்வ் வங்கி ஆளுநர் ஒய்.வி.ரெட்டி வங்கிகளின் கடிவாளத்தை இறுக்கியிருந்தார். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கு 9 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டியை, அவருக்குப் பின் வந்த சுப்பாராவ் ஏழே மாதத்தில் 4.75 ஆக இறக்க முடிந்தது. விவசாயக் கடன் தள்ளுபடியும் நூறு நாள் வேலைத் திட்டமும் கிராமத்துக் கடைகளில் வியாபாரம் படுக்காமல் தாங்கின. பேரூராட்சியான ராயகிரிக்கு நூறு நாள் வேலை கிடைக்கவில்லை; ஆனால் ஊராட்சிகளில் புரண்ட கூலி பக்கத்து ஊர்க் கடைத்தெருவுக்கும் வரத்தானே செய்தது.

அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 1990இல் எகிறிய எண்ணெய் விலை, 2008 பிற்பாதியில் சரிந்து கைகொடுத்தது.

ஆனால் 1991இன் பாடம் பாதிதான் பதிந்தது. அந்நியச் செலாவணியில் காட்டிய சிக்கனம் அரசின் வரவு செலவில் நிலைக்கவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக இருந்த மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை, 2008 நெருக்கடியின்போது ஒரே ஆண்டில் 6ஐத் தொட்டது. பிடி தளர்ந்த செலவும் அதோடு சேர்ந்த விலையேற்றமும் நாட்டை வலுவிழக்கச் செய்தன. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாய்க்குப் போனது. நல்ல விளைச்சலில் சேர்த்து வைத்தது 2008இல் காப்பாற்றியது. காப்பாற்றிய பிறகு, அடுத்த நடவுக்கு மறுபடி சேர்க்க மறந்துபோனோம்.