இனாமும் நஜரும்: ஒரு விடுதி மேசையில் கேட்ட சொல்

மைசூருவில் ஒரு கருத்தரங்கிற்காகத் தங்கச் சென்ற விடுதியில், எனக்கு முன்னால் நின்றவர் ஆதார் அட்டையை வரவேற்பு மேசையில் வைத்தார். அட்டைக்கடியில் மடித்த 500 ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. நல்ல அறையாகப் பார்த்துத் தருமாறு கன்னடத்தில் சொன்னார், கிடைத்தது. லிஃப்டில் ஏறும்போது அதை அவர் தம் நண்பரிடம் 'இனாமு' என்று குறிப்பிட்டார். (எனக்குக் கிடைத்தது படிக்கட்டை ஒட்டிய அறை. இக்குறிப்பில் அந்த மனத்தாங்கலும் கலந்திருக்கலாம்.)

இந்த உத்தி மைசூருவுக்கே உரியதன்று. லாஸ் வேகாஸில் அடையாள அட்டைக்கும் கடன் அட்டைக்கும் நடுவில் 20 டாலர் தாளைச் செருகிக் கொடுப்பதற்கு 'இருபது டாலர் சாண்ட்விச்' என்றே பெயர் உண்டு. என்னை நிறுத்தியது செயலன்று, சொல்.

'இனாம்' அரபியிலிருந்து வந்தது. அருட்கொடை என்பது பொருள். ஆட்சியாளர் கோயிலுக்கோ புலவருக்கோ படைவீரருக்கோ வரி நீக்கியோ குறைத்தோ அளித்த நிலமே நம் நாட்டில் இனாம். திருச்சிக்கருகில் உள்ள இனாம்குளத்தூர் இன்றும் அச்சொல்லைப் பெயரில் சுமக்கிறது. மைசூரு மாநிலத்தில் தனியார் இனாம்களை ஒழிக்கும் சட்டம் 1954இல் வந்தது. நிலம் போயிற்று, சொல் தங்கிவிட்டது. கன்னடத்தில் பரிசு, தமிழில் இலவசம் என அது சுருங்கியது. எனினும் அதன் திசை மாறவில்லை: மேலிருப்பவர் கீழிருப்பவருக்குத் தருவது.

இதற்கு எதிர்த்திசையில் சென்றது 'நஜர்'. தசரா தர்பாரில் பிரமுகர்களும் அதிகாரிகளும் மகாராஜாவுக்கு வைத்த காணிக்கை அது. கீழிருப்பவர் தருவது, தருபவரின் பணிவைக் காட்டுவது. விடுதி மேசையில் நடந்ததை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அறை அந்தப் பணியாளரின் கையில் இருக்கிறது, கேட்பவர் விருந்தினர். அந்த ஒரு நிமிடத்திற்கு மேலிருப்பவர் பணியாளரே. ஆக, கொடுத்தது நஜர், சொன்னது இனாம். கேட்டு நிற்பவர் தம்மை வள்ளலாக்கிக்கொள்ள அச்சொல் உதவுகிறது.

மைசூருவின் லலித மகால் இதற்கு நல்ல சான்று. வைஸ்ராய் தங்குவதற்காக நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அன்று யாருக்கு எந்த அறை என்பதைப் பதவி தீர்மானித்தது. 1974இல் அது விடுதியாயிற்று. அறையைக் கட்டணம் தீர்மானித்தது. நடத்தியது இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், அதாவது ஓர் அரசு நிறுவனம். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி அரசு நிறுவன ஊழியர் பொது ஊழியர். அங்கே அட்டைக்கடியில் வைக்கும் தாள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும். பக்கத்துத் தனியார் விடுதியில் அதே தாள் வெறும் டிப்ஸ். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளியே.

பழைய இனாமுக்குச் சாசனம் இருந்தது. நஜர் சபையறிய வைக்கப்பட்டது. மடித்த தாளுக்கு இரண்டும் இல்லை. அதற்குப் பொருத்தமான சொல் 'மாமூல்' என்றே எனக்குப் படுகிறது. அதுவும் அரபிதான், வழக்கமாகச் செய்யப்படுவது என்று பொருள். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சொல் வழக்கத்தையும் லஞ்சத்தையும் குறிப்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. லஞ்சம் எவ்வளவு காலம் அன்றாடமாக இருந்திருந்தால் ஒரு மொழி அதற்கு வேறு பெயர் தேடாமல் இருந்திருக்கும்!

மறுநாள் அறையைக் காலி செய்தபோது, பெட்டியைத் தூக்கி வந்தவரிடம் 50 ரூபாய் நீட்டினேன். வாங்குவதற்கு முன் அவர் வரவேற்பு மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.