தரங்கம்பாடி: கடல் கொண்டவையும் நிலைத்தவையும்



ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் கடைசி அதிகாரம் பெயர்களின் பட்டியலாயிருப்பதால் பலர் அதை வேகமாய்க் கடந்துவிடுகிறோம். அதில் முதலாவதாக வருகிற பெயர் பெபேயாள். அவள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. அந்த நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவள் அவளே என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர்.

கெங்கிரேயா கிரேக்க நாட்டில், கொரிந்துவுக்குக் கிழக்கே இருந்த துறைமுகம். பவுல் பிரார்த்தனையை முன்னிட்டுத் தலைச்சவரம் பண்ணிக்கொண்டது அங்கேதான். இன்று அது கடற்கரையை அடுத்த ஒரு சிறிய கிராமம். பூமியதிர்ச்சிகளால் கரை தாழ்ந்தபடியால், பழைய துறைமுகத்தின் சுவர்களும் ஆதிக்கிறிஸ்தவர் கட்டிய ஓர் ஆலயத்தின் அடித்தளமும் ஆழமற்ற நீரில் கிடக்கின்றன. கோடையில் நீந்த வருகிறவர்கள் அவற்றின்மேல் நடந்துபோகிறார்கள். துறைமுகமும் ஆலயமும் போயின. ஒரு பெண் சுமந்துசென்ற கடிதம் மாத்திரம் நம் கைகளில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு கடற்கரை நமக்கும் உண்டு. சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தெற்கே, மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடியே அது. கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அங்கே போக எண்ணுகிறவர்கள் இவ்வாரச் சிந்தனையை மனதிற்கொண்டு போகும்படி இதை எழுதுகிறேன்.

நகரவாயிலைக் கடந்து நேராகக் கடலை நோக்கி நடந்தால், ஒரே தெருவில் பல நூற்றாண்டுகளைக் காண்பீர்கள். கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அதன் முற்பகுதியை அலைகள் அரித்துச் சென்றன. அதற்குத் தெற்கே டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு வணிக உரிமை அளித்தபின் கட்டப்பட்டது. 1845-இல் டேனியர் தங்கள் குடியேற்றங்களை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்று அருங்காட்சியகமாய் இருக்கிறது.

1706 ஜூலை 9-ஆம் நாள், டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். ஒருவர் பர்த்தொலொமேயு சீகன்பால்க் ஐயர்; மற்றவர் ஹென்றி புளுட்சோ ஐயர். அரசர் அனுப்பியவர்கள் என்பதற்காக அங்கிருந்த டேனிய அதிகாரிகள் அவர்களை வரவேற்கவில்லை. வணிகத்துக்கு இடையூறு வருமென்று அஞ்சினார்கள். 1708-இன் இறுதியில் கோட்டைத் தளபதி சீகன்பால்க் ஐயரைச் சிறைப்பிடித்து, ஏறக்குறைய நான்கு மாதம் அடைத்துவைத்தார். அருங்காட்சியகத்தைச் சுற்றிவரும்போது அந்தச் சுவர்களைச் சற்று நின்று பாருங்கள்.

அவர் தமிழ் கற்ற விதமோ மிகவும் எளியது. திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708-இல் கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். இலண்டனிலிருந்து வந்த அச்சுப்பொறியும் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் 1713-க்குள் கரைசேர்ந்தன. அந்தப் பொறியை இயக்க வந்தவர் வழியிலேயே மரித்துப்போனார். ஆயினும் 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின. தமிழில் அச்சு நூல் 1578-லேயே வெளிவந்திருந்தது. ஆனால் இந்திய மொழியொன்றில் புதிய ஏற்பாடு அச்சேறியது இதுவே முதல்முறை. 1719-இல், 36 வயதில், அவர் தரங்கம்பாடியிலேயே மரித்தார்.

அவர் 1707-இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தை நீங்கள் காண முடியாது. கடலோரம் நின்ற அதைக் கடல் கொண்டுபோயிற்று. 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயமே இன்று நிற்கிறது. அவருடைய கல்லறையும் அதற்குள் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையோ தரங்கம்பாடியோடு நின்றுவிடவில்லை. அங்கிருந்து சுல்ச் ஐயர் 1726-இல் சென்னைக்கு வந்தார். பின்பு வந்த பப்ரிசியஸ் ஐயர் வேப்பேரியில் இருந்துகொண்டு வேதத்தைப் புதிதாய்த் தமிழாக்கினார். ஞாயிறுதோறும் நாம் வாசிக்கும் மொழிபெயர்ப்பு அவருடைய நடையைப் பெரிதும் தழுவியது. இவ்வாறு, தரங்கம்பாடி மணலில் எழுதிய எழுத்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நம் மடியில் திறந்திருக்கிறது.

பிரியமானவர்களே, இதோடு முடித்தால் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் வரலாறு அவ்வளவோடு நிற்கவில்லை. அந்தப் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே கூரையின்கீழ், ஒரே வேதத்தைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் தொடாமல் அமர்ந்தார்கள். 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். நம் நாட்டார் ஒருவர் சீர்திருத்தச் சபையில் அப்பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. அதே காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் இருந்தார். முன்பு தஞ்சைப் படையில் பணியாற்றியவர். தஞ்சைச் சீமையில் பல துன்பங்களைத் தாங்கிச் சபைகளை வளர்த்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அவருடைய கையிலிருந்து மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் பெறமாட்டார்கள் என்ற அச்சமே காரணம்.

கல்லால் கட்டிய ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிற்று. கல்லால் கட்டப்படாத இந்தச் சுவரையோ அது தொடவில்லை. அதை இடிப்பது அலைகளின் வேலையும் அன்று.

நம் சபையில் இப்போது இருக்கைகள் பிரிக்கப்பட்டில்லை என்று நீங்கள் சொல்லலாம். அது மெய்யே. தொழிற்பேட்டைக்கும் படைத்துறை ஆலைகளுக்கும் வேலைக்கு வந்து, நெல்லையும் தஞ்சையும் வேலூரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். ஆயினும் புதிதாய் வந்த குடும்பத்தாரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, விடை வந்தபின் "அங்கே எந்தத் தெரு?" என்றும் கேட்கிறோமே, அந்த இரண்டாம் கேள்வி எதற்காக? பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது "விசுவாசக் குடும்பம்" என்று முதலில் எழுதி, அதன்பின் எதை எழுதுகிறோம்? இராஜநாயக்கன் இன்று நம் நடுவில் இருந்தால், அவர் நீட்டும் அப்பத்தை வாங்குவோம் என்று நம்புகிறேன். அவருடைய வீட்டில் பெண் கொடுப்போமா, பெண் எடுப்போமா?

ஆகையால் தரங்கம்பாடிக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டையையும் கடலையும் பாருங்கள். பிள்ளைகள் அலையில் விளையாடட்டும். பின்பு புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சென்று அமைதியாய் அமருங்கள். சீகன்பால்க் ஐயரின் கதையை அவர்களுக்குச் சொல்லும்போது இராஜநாயக்கனின் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். "ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பழைய காலம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

பெபேயாள் சுமந்துபோன நிருபத்தின் அந்தக் கடைசி அதிகாரத்தை வீட்டில் குடும்பமாய் வாசியுங்கள். யூதர், கிரேக்கர், அடிமைகள், வீட்டெஜமான்கள், ஆண்கள், பெண்கள் என்று எத்தனை விதமானவர்கள் ஒரே பட்டியலில் வாழ்த்துப் பெறுகிறார்கள் என்று கவனியுங்கள்.

ஆண்டவரே, உம்முடைய வார்த்தையை எங்கள் மொழியில் தந்தீர், உமக்கு ஸ்தோத்திரம். அதை வாசிக்கிற எங்களுக்குள்ளே நாங்கள் எழுப்பி வைத்திருக்கிற சுவர்களை எங்கள் கைகளாலேயே இடிக்கக் கிருபை தாரும். ஆமென்.