தூணும் ஆடியும்

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்தினுள், கருங்கல் தூண் ஒன்று நிற்கின்றது. உயரம் 15 அடி. எடை ஏறத்தாழ 10 டன். 1792இல் அங்கு அமைந்த வான்ஆய்வகத்தின் கருவியைத் தாங்குவதற்கென்றே நாட்டப்பெற்றது அது. இலத்தீன் முதலிய மொழிகளோடு தமிழிலும் அதன்மேல் எழுத்துப் பொறித்துள்ளனர். கோயிற் சுவர்களில் கல்வெட்டுத் தேடுவோர் ஏனோ இதனை அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு கருவிக்கு இத்துணைப் பெரிய கல் எதற்கு? தாங்கும் தளம் இம்மியளவு சாய்ந்தாலும் விண்மீனின் இடம் வானத்தில் பிறழ்ந்து தோன்றும். ஆகவே அக்காலத்தார் அசையாமையையே முதற்பொருளாகக் கொண்டனர். அங்கு நடந்த முதன்மையான பணி, விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தைக் குறிப்பது. அதற்குரிய தொலைநோக்கி வடக்குத் தெற்காக மட்டுமே சுழலும். அதிலும் பிழை உண்டு: அச்சு மட்டம் தவறலாம், திசை தவறலாம், ஒளிபுகும் நேர்கோடு அச்சுக்குச் செங்குத்தாக அமையாது போகலாம். கருவியைத் தூக்கி, அச்சின் இரு முனைகளையும் மாற்றி வைத்து நோக்கினால் மூன்றாவது பிழையின் அளவு தெரிந்துவிடும். அதை அளந்து, கணக்கில் கழித்தனர். டெயிலர் 1844இல் வெளியிட்ட 11,015 விண்மீன்களின் பட்டியல் இத்தகைய பொறுமையின் விளைச்சல். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரும் இந்த ஆய்வகத்தில் பணியாற்றியவரே.

1899இல் வானியற் பணியின் மையம் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. பின்னர் வைணு பாப்பு சவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் ஆடியுடைய தொலைநோக்கி அங்கு இயங்கத் தொடங்கிற்று. அவர் கனவு கண்டதோ 2.34 மீட்டர் ஆடி. அது பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பெற்றது. எஃகுக் கட்டுமானத்தை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. பாப்பு 1982இல் மறைந்தார். 1986 சனவரி 6ஆம் நாள் இராசீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார். தம் பெயர் தாங்கிய கருவியின் வழியே ஒரு விண்மீனையும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

நுங்கம்பாக்கத்துத் தூண் தந்த விடை இங்கே பயன்படாது. காவலூர்த் தொலைநோக்கி இரவெல்லாம் வானத்தைத் தொடர்ந்து திரும்ப வேண்டும். அதன் துருவ அச்சு, இடத்தின் அகலாங்குக்கு ஏற்பத் தரையினின்று 12.5 பாகையே எழுந்து, ஏறக்குறையப் படுத்த நிலையில் உள்ளது. குழல் கிழக்கே சாயும்போது ஆடியின் எடை ஒரு விளிம்பிற் சுமக்கும். மேற்கே சாயும்போது மறு விளிம்பில். ஆடியை இறுகப் பிடித்தால் அதன் வடிவம் கெடும். தளர விட்டால் நழுவும். எனவே பின்புறத்திலும் விளிம்பிலும் சுமையைப் பங்கிடும் தாங்கிகள் வேண்டும். மேல்முனையிலுள்ள சிற்றாடியின் தொல்லை வேறு: பேராடி தரும் உருவத்தை அது 4 மடங்கு பெருக்குவது, தன் சிறு பிறழ்ச்சியையும் மறைக்காது காட்டிவிடும்.

எஃகு தொய்யாதிருக்காது. இதனை ஒப்புக்கொண்டு வழி கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் மார்க் செரூரியர். பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கிக்காக 1930களில் அவர் வகுத்த முக்கோணச் சட்டகத்தில், இரு முனைகளும் ஒரே அளவு தொய்யும். அப்போதும் சாயாமல் இணையாகவே இருக்கும். ஆடிகள் இரண்டும் தாழ்கின்றன. ஒன்றையொன்று நோக்குவது மட்டும் மாறுவதில்லை. கல்லின் உறுதியைவிட நுண்ணிய சிந்தனை இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சட்டகத்தை நம்பிச் சோதனையைக் கைவிட முடியாது. உச்சிவானில் ஒரு விண்மீனைக் குவியம் சற்றே விலக்கிப் பார்த்தால் ஒளிவளையம் தோன்றும். அதன் நடுவே சிற்றாடியின் நிழல் கரும்புள்ளியாகக் கிடக்கும். புள்ளி நடுவில் இருந்தால் சீர், ஒதுங்கினால் பிழை. அத்துடன் நின்றுவிடுதல் கூடாது. குழலைக் கீழ்வானுக்குச் சாய்த்து இன்னொரு விண்மீனையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். அங்கே புள்ளி நகர்ந்திருப்பின், திருகாணியை முறுக்கி நடுவுக்குக் கொணர்வது தவறான வைத்தியம். மீண்டும் நிமிர்த்தினால் எதிர்ப்புறம் ஒதுங்கும். எந்தத் தாங்கி தளர்ந்தது, எந்தப் பிடி அசைந்தது என்று தேடத்தான் வேண்டும். பொழுது விடிந்தபின், பகல் வெளிச்சத்தில்.